எந்தப் பக்கச் சன்னல்?

(இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

சேலத்திலிருந்து காலை வேளையில் நாமக்கல் பேருந்தில் ஏறுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். விவரம் தெரிந்தவர் வலப்பக்கச் சன்னலோரத்தில் போய் அமர்வார். வண்டி தெற்கு நோக்கிச் செல்கிறது. காலைச் சூரியன் கிழக்கே, அதாவது இடப்பக்கம் இருக்கிறது. இந்தக் கணக்கை அவருக்கு யாரும் கரும்பலகையில் போட்டுக் காட்டவில்லை. நாலு நாள் வெயில் முகத்தில் அடித்தால் தானாக வந்துவிடும் அறிவு அது.

ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு. அந்தச் சாலையில் பார்க்கத் தகுந்தவை யாவும் இடப்பக்கம்தான் இருக்கின்றன. சேலத்தை விட்டதும் ஜருகுமலை, இராசிபுரம் நெருங்கும்போது போதமலை, பிறகு வெகுதூரம் கூடவே வரும் கொல்லிமலை, எல்லாம் கிழக்கே. நிழலை விரும்பி வலப்பக்கம் அமர்ந்தவர் மலையை இழக்கிறார். மலையை விரும்பி இடப்பக்கம் அமர்ந்தவர் வெயிலில் வாடுகிறார். மாலையில் நாமக்கல்லிலிருந்து திரும்பும்போதோ கதை மாறிவிடுகிறது. வண்டி வடக்கு நோக்கி வரும். சூரியன் மேற்கே, மறுபடியும் இடப்பக்கமே. வலப்பக்கம் அமர்ந்தவருக்கு நிழலும் உண்டு, மேல்வெயில் பட்டு மடிப்பு மடிப்பாகத் துலங்கும் கொல்லிமலையும் உண்டு. ஒரே ஊர், ஒரே மலை, ஒரே வலப்பக்கம். காலையில் பாதிப் பயன், மாலையில் முழுப்பயன். ஆகவே திசையையும் நேரத்தையும் சொல்லாமல் "எந்தப் பக்கம் நல்லது?" என்று கேட்பதே பொருளற்றது என்பதைப் பேருந்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

பேருந்தில் தெரிந்திருந்த இந்த உண்மையை விமானத்தில் நான் மறந்துபோனேன். அதனால் விளைந்ததே இக்கட்டுரை.

சேலம் விமான நிலையம் ஓமலூருக்கு வடக்கே காமலாபுரத்தில் இருக்கிறது. வெகுகாலம் வெறிச்சோடிக் கிடந்த நிலையம் அது. சிற்றூர்களையும் விமானப் பாதையில் சேர்க்கும் 'உடான்' திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னைக்குச் சேவை தொடங்கியது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. பெங்களூர், கொச்சி, ஐதராபாத் ஆகிய ஊர்களும் அப்போது சேர்ந்தன. எங்கள் காடு ஓமலூருக்கும் தாரமங்கலத்துக்கும் இடையில் இருப்பதால், விமானம் தாழப் பறந்து இறங்குவதை அப்பா பல ஆண்டுகளாக அண்ணாந்து பார்த்தவர். மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவார்.

விடுமுறைகளில் சேகோ ஆலையொன்றில் கணக்கெழுதிச் சேர்த்த பணம் என்னிடம் இருந்தது. சென்னையில் மாமா வீட்டுப் புதுமனை புகுவிழா ஒரு தை மாதத்தில் வந்தது. போகும்போது மட்டும் விமானம், வரும்போது இரயில் என்று முடிவு செய்து இரண்டு சீட்டு எடுத்தேன். எந்த இருக்கை என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. பலர் எழுதியவற்றைப் படித்துப் பார்த்தேன். "இறக்கைக்கு முன்னால் உட்காருங்கள்" என்றார் ஒருவர். "இடப்பக்கமே சிறந்தது" என்றார் இன்னொருவர். நான் தேசப்படத்தைப் பார்த்து, வழியில் அண்ணாமலையார் மலை வலப்பக்கம் வருவதைக் கண்டு, அப்பாவுக்கு வலப்பக்கச் சன்னலைப் பதிவு செய்தேன். பெருமையாகவும் இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விமானம் வடகிழக்கு நோக்கி ஓடி எழும்பியது. எழும்பிய சற்று நேரத்தில் சேர்வராயன் மலை சன்னல் நிறைய வந்து நின்றது. அப்பா பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சாத்தனூர் அணையின் நீர்ப்பரப்பு தகடு போலத் தெரிந்தது. காட்டினேன், "ம்" என்றார். அண்ணாமலை மலை வெளிறிய உருவமாகத் தெரிந்தபோது கைகூப்பினார். அதன்பின் என் பக்கம் திரும்பி, "நம்ம காடு எந்தப் பக்கம் கண்ணு? இன்னும் வரலையா?" என்று கேட்டார்.

காடு பின்னால் போய் அரைமணி ஆகியிருந்தது. நாங்கள் எழும்பிய திசைக்கு நேர் எதிர்த்திசையில் அது இருக்கிறது. இடப்பக்கம் அமர்ந்திருந்தாலும் தெரிந்திராது. அதைச் சொன்னேன். "செரி விடு" என்று மறுபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதுமனை புகுவிழா வீட்டில் இந்தச் செய்தி எப்படியோ மாமாவின் காதுக்கு எட்டிவிட்டது. "மச்சானுக்குக் காட்டைக் காட்டாம இரயில்ல அனுப்பறதா?" என்று திரும்பும் விமானச் சீட்டுக்கு அவரே பணம் கொடுத்தார். நடுவில் மூன்று நாட்கள் இருந்தன. மாமா மகளின் பள்ளி அட்லஸ், ஓர் அளவுகோல், கைப்பேசியில் இருக்கும் கணிப்பான், இவ்வளவுதான் கருவிகள். நான் அப்போது போட்ட கணக்குகளையும் பிறகு சரிபார்த்துக்கொண்டவற்றையும் இங்கே தருகிறேன்.

முதலில் திசை. சேலம் விமான நிலையம் 11.78 பாகை வட அட்சத்திலும் 78.06 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் இருக்கிறது. சென்னை நிலையம் 12.99, 80.17. வடக்கே போகவேண்டிய அளவு 1.21 பாகை. கிழக்கே போகவேண்டியது 2.11 பாகை, ஆனால் தீர்க்கக் கோடுகள் துருவம் நோக்கி நெருங்குவதால் அட்சத்தின் கோசைனால் பெருக்க வேண்டும். 12.4 பாகையின் கோசைன் 0.977. ஆகவே 2.06. இரண்டையும் வகுத்தால் டேன்ஜென்ட் 1.70, கோணம் வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 60 பாகை. பித்தாகரஸ் தேற்றத்தின்படி தொலைவு 2.39 பாகை, ஒரு பாகைக்கு 111 கி.மீ. வீதம் 265 கி.மீ. அவ்வளவு சிறிய தூரத்துக்குக் கோள முக்கோணவியல் தேவையில்லை.

விமானம் 60 பாகையில் சென்றால் வலச்சன்னல் 150 பாகையை, அதாவது தென்தென்கிழக்கைப் பார்க்கும். இடச்சன்னல் 330 பாகையை, வடவடமேற்கைப் பார்க்கும். இனி ஒவ்வோர் இடத்துக்கும் சேலத்திலிருந்து இதே முறையில் கோணம் கண்டால் போதும். 60-க்கு மேல் வந்தால் வலம். கீழே வந்தால் இடம். திருவண்ணாமலைக்கு 65½ பாகை வருகிறது. ஆகவே வலம், பாதையிலிருந்து சுமார் 12 கி.மீ. தள்ளி. சாத்தனூர் 62½, அதுவும் வலம், நாலைந்து கி.மீ.தான். கல்வராயன் மலையும் அப்பக்கமே. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் 43 பாகை. அது இடம், 35 கி.மீ. தள்ளி. 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. இயற்பியல் மாணவன் ஒருவன் அண்ணாமலையை விட்டுக் காவலூர்ப் பக்கம் அமர விரும்பினால் அதையும் தவறு என்று சொல்லமாட்டேன். விமானம் காற்றுக்கும் மேகத்துக்கும் கட்டுப்பாட்டு நிலையத்தின் சொல்லுக்கும் ஏற்பச் சற்று விலகிப் போகும் என்பதால், பாதையை ஒட்டி இருக்கும் இடங்களை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. தள்ளி இருப்பவை பக்கம் மாறுவதில்லை.

தீர்த்தமலைக்குக் கணக்கு 59 பாகை என்று வந்தது. இடம் என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பிறகுதான் உறைத்தது: அது பாதைக்கு ஏறத்தாழ நேர் கீழே இருக்கிறது, எந்தப் பக்கத்தாருக்கும் தெரியாது! சன்னல் பக்கச் சுவரில் இருக்கிறதே தவிரத் தரையில் இல்லை. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக் கீழே பார்த்தாலும் கிடைமட்டத்துக்குக் கீழே 60 பாகை வரை பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 5 கி.மீ. உயரத்தில் பறந்தால் பாதையின் இருபுறமும் ஏறத்தாழ 3 கி.மீ. அகலம் நமக்கு மறைவு. எந்த ஊருக்கு மேலாகப் பறக்கிறோமோ அந்த ஊரைத்தான் பார்க்க முடியாது. அது சற்றே பக்கவாட்டில் இருக்கவேண்டும்.

எவ்வளவு தூரம் வரை தெரியும்? பூமியின் வளைவை வைத்துச் சொன்னால், உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானத் தொலைவு கி.மீ.-இல் கிடைக்கும். நாமக்கல் கோட்டைப் பாறை 65 மீட்டர். அதன் உச்சியில் நிற்பவருக்குத் தொடுவானம் 29 கி.மீ. 5,000 மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு 252 கி.மீ. சேலத்துக்கு மேலே அந்த உயரத்தில் இருந்தால், கணக்கின்படி புதுச்சேரிக் கடற்கரை பார்வை எல்லைக்குள் வந்துவிடுகிறது. நாமக்கல் பாறையும் அப்படியே. காமலாபுரத்திலிருந்து 60 கி.மீ. தொலைவில் அந்த 65 மீட்டர், கண்ணில் 3.7 கலைக் கோணம்தான் தாங்கும். நல்ல கண் ஒரு கலையையே பிரித்தறியும். ஆகவே தெரியத்தான் வேண்டும். நடைமுறையில் தெரிவதில்லை. வளைவு தடுப்பதற்கு முன்பே காற்று தடுத்துவிடுகிறது.

இந்தக் காற்றுத் தடையைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முதல் பயணத்தில் என்னை ஏமாற்றியது அதுவே. நாங்கள் போனது நண்பகலை ஒட்டிய நேரம். விமானத்தின் இறக்கை சன்னலுக்கு மேலே இருந்ததால் அப்பாவின் முகத்தில் வெயில் விழவேயில்லை. வெயில் விழாத சன்னல் நல்ல சன்னல் என்ற பேருந்துப் பாடத்தின்படி எல்லாம் சரியாகவே இருந்தது. ஆயினும் அண்ணாமலை வெளிறித்தான் தெரிந்தது. காரணம், காற்றில் மிதக்கும் தூசும் ஈரத்துளியும் தம்மேல் பட்ட ஒளியை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சிதறடிப்பதில்லை. ஒளியின் அலைநீளத்தை ஒத்த அல்லது அதைவிடப் பெரிய துகள்கள், ஒளியை அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே, முன்னோக்கி, அதிகம் சிதறடிக்கும். சூரியன் இருக்கும் பக்கம் நாம் பார்த்தால் அந்த முன்சிதறல் முழுவதும் நம் கண்ணுக்கே வருகிறது. நமக்கும் மலைக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் திரை தொங்குகிறது. சூரியனுக்கு முதுகைக் காட்டிப் பார்த்தால் அதே காற்று, அதே தூசு, திரை மட்டும் மெல்லியதாகிவிடுகிறது. தை மாத நண்பகலில் சூரியன் நமக்குத் தெற்கே, அடிவானத்திலிருந்து 57 பாகை உயரத்தில் இருக்கிறது. வலச்சன்னல் தெற்குப் பக்கம் பார்க்கிறது. காட்சி வெளுத்ததில் வியப்பில்லை.

ஊர் திரும்பிய பிறகு இதைச் சோதித்துப் பார்க்க வகுப்பு நண்பர்கள் இருவருடன் ஏற்காடு சென்றேன். 'லேடீஸ் சீட்' என்ற இடத்திலிருந்து தென்மேற்கே பார்த்தால் சேலம் நகரமும் சமவெளியும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் விரிந்து கிடக்கும். காலை ஒன்பது மணிக்குச் சூரியன் எங்கள் முதுகுப்பக்கம். கஞ்சமலை தன் நீண்ட முதுகோடு தெளிவாகத் தெரிந்தது. அதற்கப்பால் சங்ககிரி என்று ஒரு நண்பரும், இல்லை என்று மற்றவரும் வாதிட்டனர். மாலை நான்கரைக்கு அதே கல்லில் அமர்ந்து பார்த்தோம். சூரியன் எதிரே. கஞ்சமலை ஒரு சாம்பல் கோடு. சங்ககிரியைப் பற்றி வாதிட ஒன்றுமே இல்லை. ஒரு நாள் பேருந்துக் கட்டணத்தில் முடிந்த இந்தச் சோதனையை எல்லோரும் செய்து பார்க்கலாம். ஐப்பசி மழைக்குப் பின் காற்று கழுவப்பட்டிருக்கும் நாட்களில் வேறுபாடு குறைவாக இருக்கும். பனிக்கால மூட்டத்தில் மிக அதிகம்.

கோடையில் இந்தக் கணக்கு தலைகீழாகும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வட இந்திய ஊர்கள் பலவற்றுக்கு நண்பகல் சூரியன் ஆண்டு முழுதும் தெற்கேதான். நமக்கு அப்படியில்லை. சேலத்தின் அட்சம் பதினொன்றரைப் பாகைக்குச் சற்று மேல். ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒருநாளும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி ஒருநாளும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நட்டு வைத்த கோலுக்கு நிழலே இராது. அந்த இரு நாட்களுக்கு நடுவிலுள்ள நான்கு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. ஆகவே தையில் அண்ணாமலையை வெளுத்துக் காட்டிய அதே வலச்சன்னல், ஆனியில் அதே நேரத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டியதாகிவிடும். விமான எண்ணும் மாறவில்லை, இருக்கை எண்ணும் மாறவில்லை.

இறக்கையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பெரிய ஜெட் விமானங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். அவற்றின் இறக்கை சன்னலுக்குக் கீழே இருக்கும். நடு வரிசைகளில் அமர்ந்தவருக்குத் தரை தெரியாது, இறக்கையின் தகடுதான் தெரியும். இறக்கைக்கு முன்னால் அமர்வது நல்லது. பின்னால் அமர்ந்தால் எஞ்சினின் வெப்பக்காற்று ஊடே காட்சி, அடுப்புக்கு மேலே பார்ப்பதுபோல் நடுங்கும். சேலத்துக்கு வந்துபோன ஏ.டி.ஆர். 72 வகை விமானமோ வேறு சாதி. அதன் இறக்கை கூரைமேல் இருக்கிறது. பின்பக்கத்துக் கதவு வழியாக ஏறவேண்டும். நடுவழிக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள். முன்பகுதியில் சில வரிசைகளுக்கு எஞ்சினும் சுழலும் விசிறியும் பக்கத்தில் வந்து கொஞ்சம் மறைக்கும், சத்தமும் மிகுதி. மற்ற எல்லா வரிசையிலும் தரை தடையின்றித் தெரியும். ஆக, "இறக்கைக்கு முன்னால் அமர்க" என்ற அறிவுரையை இதில் அப்படியே பின்பற்றினால் விசிறியின் பக்கத்தில் போய்த்தான் உட்கார நேரும். முன்னோக்கி அமர்ந்தவருக்கு 'ஏ' எப்போதும் இடச்சன்னல் என்பதை மட்டும் எல்லா விமானத்துக்கும் பொதுவாக நினைவில் கொள்ளலாம்.

சன்னலின் உருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் மூலைகள் ஏன் வளைந்திருக்கின்றன என்று அப்பா கேட்டார். அழகுக்கு என்றே நானும் நினைத்திருந்தேன். 1954-இல் 'காமெட்' என்ற முதல் ஜெட் பயணி விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. ஆராய்ந்தபோது, கூட்டின் திறப்புகளில் மூலைகளை ஒட்டித் தகைவு குவிந்து, ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உலோகம் சோர்ந்து, விரிசல் கண்டது தெரியவந்தது. நம் பொருட்பண்பியல் பாடத்தில் வரும் 'உலோகச் சோர்வு' இதுதான். இன்னொன்று: வெயில் கண்ணாடி, அதிலும் ஒளியை முனைவாக்கும் வகைக் கண்ணாடி அணிந்து விமானச் சன்னல் வழியே பார்த்தால் வானவில் நிறத் திட்டுகள் தெரியும். சன்னல் பிளாஸ்டிக்கில் உள்ள தகைவின் படம் அது. ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதற்கு முன்பே இலவசமாகப் பார்த்துவிடலாம்.

கொச்சி செல்பவர்களுக்காகவும் கோணம் கண்டு வைத்தேன். 2023 அக்டோபரில் தொடங்கிய பெங்களூர்–சேலம்–கொச்சிப் பாதையில் சேலத்திலிருந்து திசை 225 பாகை, சரியான தென்மேற்கு. மேட்டூர் நீர்த்தேக்கமும் பிறகு நீலகிரியும் வலப்பக்கம். திருச்செங்கோட்டு மலை இடப்பக்கம். பவானி கூடுதுறை பாதைக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே வருவதால், தீர்த்தமலைக்கு நேர்ந்த கதியே அதற்கும். காலையில் சூரியன் இடப்பக்கம் இருப்பதால் வலப்பக்கம் அமர்பவருக்கு ஐயமே வேண்டாம்.

இனி எங்கள் காடு. சென்னையிலிருந்து வரும்போது திசை 240; பக்கங்கள் யாவும் இடம் வலமாக மாறிவிடும். அதைக் கடந்து, இறங்கும் நேரம்தான் முக்கியம். விமானம் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். சேலம் ஓடுபாதை 1,806 மீட்டர் நீளம். அதன் இரு முனைகளில் 04 என்றும் 22 என்றும் எழுதியிருக்கும். 40 பாகை, 220 பாகை என்பதன் சுருக்கம் அது. தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. அதனால்தான் போகும்போது வடகிழக்கு நோக்கி எழும்பினோம். அதே காற்று இருந்தால் இறங்குவதும் வடகிழக்கு நோக்கியே. அப்படியானால் விமானம் முதலில் நிலையத்தைத் தாண்டித் தென்மேற்கே வந்து, திரும்பி, தாரமங்கலத்துப் பக்கமாக இறங்கிவர வேண்டும். ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வந்திருந்தால், சென்னை விமானம் சேர்வராயன் பக்கமாகவே வந்து இறங்கிவிட்டிருக்கும். காட்டைப் பார்த்திருக்க முடியாது. கடைசி முடிவு அன்றைய காற்றைப் பொறுத்தது. ஆகவே இது முழு உறுதியில்லாத பகுதி என்று அப்பாவிடம் முன்னரே சொல்லிவைத்தேன்.

எங்கள் காடு ஓடுபாதையின் நேர்க்கோட்டுக்கு மேற்கே ஒரு கி.மீ., நிலையத்திலிருந்து 10 கி.மீ. வடகிழக்கு நோக்கி வருபவருக்கு மேற்கு இடப்பக்கம். ஆகவே 'ஏ'. விமானங்கள் வழக்கமாக மூன்று பாகைச் சரிவில் இறங்கும், 10 கி.மீ. தொலைவில் உயரம் சுமார் 520 மீட்டர். ஒரு கி.மீ. பக்கவாட்டில் இருக்கும் காடு கிடைமட்டத்துக்குக் கீழே 27 பாகையில் தெரியும். வேகம் மணிக்கு 200 கி.மீ. என்று கொண்டால், சன்னலில் முன்னும் பின்னும் 45 பாகை வரை கண்ணுக்குள் வைத்திருக்க 36 விநாடி கிடைக்கும்.

கிணறு தெரியுமா என்பதுதான் அப்பா கேட்டது. எங்கள் கிணற்றின் அகலம் 30 அடி. தண்ணீர் 40 அடிக்குக் கீழே. விளிம்பைத் தாண்டித் தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் 53 பாகைக்கு மேற்பட்ட சரிவில் பார்க்க வேண்டும். 27 பாகையில் எதிர்ச்சுவரின் மேல் 15 அடி மட்டுமே தெரியும். படம் போட்டுக் காட்டி, "கிணறு தெரியும், தண்ணி தெரியாதுப்பா" என்றேன். "தண்ணி எங்க கெடக்குதுன்னு எனக்குத் தெரியாதா? போன வாரந்தான எட்டிப் பாத்தேன்" என்றார்.

36 விநாடியில் கிணற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. மேலிருந்து பார்த்தால் எல்லாக் காடும் ஒன்றுபோலவே இருக்கும். அடையாளம் ஒன்று வேண்டியிருந்தது. எங்களுக்கு வடக்கே ஒரு சேகோ ஆலையின் களம் இருக்கிறது. ஜவ்வரிசி காயப்போட்டிருந்தால் அவ்வளவு பச்சைக்கும் செம்மண்ணுக்கும் நடுவில் அதுவே வெள்ளையாகத் தெரியும். "மொதல்ல தாரமங்கலத்து வீடுக வரும். அப்பறம் வெள்ளையாக் களத்தைத் தேடுங்க. களத்துக்கு இந்தப் பக்கம் மூணு தென்ன மரம். அங்க கிணறு" என்று வரிசை சொல்லிக்கொடுத்தேன். விமானத்தில் அவர் அதை உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

காற்று ஏமாற்றவில்லை. விமானம் நிலையத்தின் மேற்கே கடந்து, தென்மேற்கே போய், இடப்பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. பிற்பகல் வெயில் இப்போது பின்னாலிருந்து சாய்வாக விழுந்தது; இப்படி விழும் வெயிலில் மரத்துக்கும் வரப்புக்கும் நிழல் நீண்டு, தட்டையான நிலம்கூட மேடு பள்ளமாகத் தெரியும். இதை நான் முன்கூட்டிக் கணக்கில் எடுக்கவில்லை, தானாக அமைந்தது. அப்பா நெற்றியைச் சன்னலில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்து இருக்கையிலிருந்து கைக்கடிகாரத்தில் விநாடியைப் பார்த்தேன். எனக்கு அவருடைய பிடரியும் அதற்குமேல் ஒரு துண்டு வானமும்தான் தெரிந்தன. "களம்" என்றார் ஒருமுறை. பிறகு பேசவில்லை. சக்கரம் தரையில் பட்டு, விமானம் ஓடி நின்று, எல்லோரும் எழுந்து மேலிருந்த பைகளை எடுக்கும் வரை அவர் சன்னலைவிட்டு நகரவில்லை.

"தெரிஞ்சுதாப்பா?" என்று கேட்டேன்.

"கிணத்துக்கு வடக்கால நம்ம வரப்பு இருக்குதே, அது நடுவுல வளைஞ்சிருக்குது கண்ணு. இத்தன வருசமா நேரா போட்டதாத்தான் நெனைச்சிட்டிருந்தேன்."

மறுநாள் விடிந்ததும் கயிறும் இரண்டு முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனோம். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். கயிற்றுக்கும் வரப்புக்கும் நடுவில் நான்கு அடி இருந்தது.